நாலாம் நம்பர் திரையும் ஒரு கொக்கும்

இன்று காலை நடந்தவை:

1. அலமாரியை ஒழித்தபோது பழைய சி.டி. ஒன்று கிடைத்தது.
2. அதில் நான் எடுத்த முப்பத்தெட்டுப் படங்கள் இருந்தன.
3. முப்பத்தெட்டும் நீலம். காசிமேட்டுப் படகு, திருவொற்றியூர் ரயிலடி, எண்ணூர் முகத்துவாரத்துக் கொக்கு, எல்லாம்.
4. எட்டிப் பார்த்த தங்கை, "இன்னாக்கா இது, போட்டோவ சொட்டு நீலத்துல முக்கி எட்த்தியா?" என்றாள்.
5. எனக்குச் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சி.டி. உறையைத் திறந்ததுமே ராயபுரத்து பிரவுசிங் சென்டர் வாசனை வந்தது போலிருந்தது. ஏ.சி. குளிர், மல்லிகை ஸ்பிரே, இரண்டையும் மீறி வாசலில் யாரோ கொண்டுபோகும் கருவாடு. அப்போது நான் டிப்ளமோ முடித்து, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்த புதிது. பிரஷர் கேஜ்களைச் சோதிப்பது என் வேலை. ஒவ்வொன்றையும் சரியான கேஜ் ஒன்றின் பக்கத்தில் வைத்து, எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கியிருந்தேன். வேலை விட்டதும் ரயிலேறி ராயபுரத்தில் இறங்கி, நாலாம் நம்பர் கணினியில் படங்களின் நிறத்தைத் திருத்தி, ஒரு தமிழ்ப் புகைப்படத் தளத்தில் ஏற்றுவேன். நாலாம் நம்பர் ஏ.சி.க்கு நேர் கீழே. எப்போதும் காலியாகவும் இருக்கும். ஏன் காலி என்று நான் யோசித்ததில்லை.

தளத்தில் எல்லோரும் நல்லவர்கள். "அருமை", "கலக்கல்", "கண்ணுல ஒத்திக்கலாம்." எனக்கோ ஒன்று தெரிந்தாக வேண்டும்: படம் பார்க்கும் கண் எனக்கு உண்டா, இல்லையா? இல்லையென்றால் கேமராவைத் தங்கையிடம் கொடுத்துவிடுவதாக முடிவு. கொக்குப் படத்தை ஏற்றி, கீழே எழுதினேன்: "பாராட்ட வேண்டாம். குறை மட்டும் சொல்லுங்கள்."

மூன்று நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் 'கரிச்சான்' என்ற பெயரில் ஒருவர் ஆறு குறைகள் எழுதியிருந்தார். அதுவும் வரிசை எண் போட்டு! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடிவானம் சாய்ந்திருக்கிறது. கொக்கின் கால் வெட்டுப்பட்டிருக்கிறது. அனல்மின் நிலையப் புகைபோக்கி கொக்கின் தலையில் முளைத்தது போல் நிற்கிறது. இப்படி ஐந்தை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன். ஆறாவதுதான் சுட்டது: "உங்கள் எல்லாப் படமும் நீலம். நிறம் உங்களுக்குப் பிடிபடவில்லை."

"எங்கள் ஊர்க் கடல் அப்படித்தான்" என்று பதில் போட்டேன்.

அவர் ஒரே வார்த்தை கேட்டார்: "கொக்குமா?"

திரையில் கொக்கு பால் வெள்ளையாக நின்றது. அதையா நீலம் என்கிறார்? வெள்ளைகூடத் தெரியாத கண்ணா எனக்கு?

மறுநாள் போனால், நாலாம் நம்பரில் ஓர் அம்மா துபாயிலிருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் இரண்டாம் நம்பரில் உட்கார்ந்து படத்தைத் திறந்தேன்.

நீலக் கொக்கு.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் சேவியர் அண்ணன் ஓடிவந்தார். "இன்னாமா, கரண்ட் கிரண்ட் அட்ச்சிதா?"

"அண்ணா, நாலாம் நம்பர் ஸ்கிரீன்ல ஏதாவது கோளாறா?"

"அதுக்கு மஞ்சக்காமால வந்து ஒரு வர்சம் ஆவுதே! அதான் தெரிஞ்சவன் எவனும் குந்த மாட்டான். நீ மட்டும் வந்து வந்து குந்திக்கினு இருந்தியா, சர்தான், அந்தக் கலரு உனக்குப் புட்ச்சிகீது போலனு வுட்டுட்டேன்."

திரையின் மஞ்சளைப் போக்க, படத்தில் நீலத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். பகலெல்லாம் கேஜைச் சோதிப்பவள், மாலையில் உட்காரும் திரையை ஒரு நாளும் பக்கத்துத் திரையோடு ஒப்பிடவில்லை. வெட்கப்பட்டிருக்க வேண்டும், குதிக்கத்தான் தோன்றியது.

கேமராவில் இருந்த படத்தை நிறம் தொடாமல் அப்படியே ஏற்றி, நடந்ததையும் எழுதினேன். கரிச்சானின் பதில் அரை மணியில் வந்தது: "மஞ்சள் திரையில் கொக்கைச் சரியாக வெள்ளைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றால், அது நிறம் தெரிந்த கண்தான். நான் சொன்னது தப்பு. மற்ற ஐந்தும் அப்படியே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போய் மறுபடி எடுங்கள்."

போனேன். எடுத்தேன். நான்கு குறை சொன்னார். அதற்கடுத்த வாரம் மூன்று. ஞாயிறு எப்போது வரும் என்று கிடந்தேன்.

பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்தத் தளம் ஒரு நாள் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை. கரிச்சான் ஆணா, பெண்ணா, எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. படங்களைப் பத்திரப்படுத்தியவள், அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூட நகலெடுத்து வைக்கவில்லை.

இன்றைய நிலை: படம் எடுக்கிறேன். குறை சொல்ல ஆள் இல்லை.