முப்பது டிகிரி

இது என் கண்ணெதிரே நடந்தது. 1937, மணப்பட்டுக் கடல். இதில் நான் சொன்ன ஒரு பொய்யும் வருகிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத பொடிச் செடிகளும் பூச்சிகளும் கோடிக்கணக்கில் உண்டு. மாதத்துக்கு ஒரு கூட்டம். சித்திரையில் வருவது கார்த்திகையில் தலைகாட்டாது. அவற்றை ஆராய்ந்த பிரெஞ்சு துரைக்கு மாதம் ஒரு சீசா பிடித்து அனுப்புவது இரண்டு வருடமாக என் வேலை. வெளிச்சம் வந்தால் பூச்சிகள் ஆழத்துக்கு இறங்கிவிடும். அதனால் விடியுமுன்பே போகவேண்டும். படகு குழந்தைவேலுடையது.

அந்தச் சித்திரையில் அவன் தம்பி சாமிநாதனும் வந்தான். பூச்சி பிடிக்கும் பட்டுவலை பாறையில் மாட்டிக்கொண்டது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சாமிநாதன் முங்கினான். மறுமுனை என் கையில். மூன்று முறை இழுத்தால் தூக்கவேண்டும். நான் நீரின் சூட்டைக் குறித்துக்கொண்டிருந்தேன். முப்பது டிகிரி. கயிறு மூன்று முறை இழுபட்டது. எழுதி முடித்துவிட்டுத் தூக்கலாம் என்று நினைத்தேன், பாவி... தூக்கியபோது வெறும் கயிறுதான் வந்தது. உடல் கிடைக்கவே இல்லை. வலையும் போயிற்று. அந்த மாதச் சீசா காலி என்று துரைக்கு எழுதினேன்.

"தம்பி கயித்த இழுத்தானாய்யா?" என்று குழந்தைவேல் அழுதுகொண்டே கேட்டான்.

"இல்லப்பா" என்றேன்.

கார்த்திகை. காலை நாலு நாற்பது. அதே இடம். வாடை அடிக்கவேண்டிய மாதத்தில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. குழந்தைவேல் துடுப்பை நிறுத்தினான்.

"இன்னாய்யா இது... சித்திர காத்து அடிக்குது?"

வெப்பமானியைத் தூக்கி விளக்கில் பார்த்தேன். இருபத்தாறு இருக்கவேண்டும்.

முப்பது.

புதுவலையை இறக்கினேன். இறங்கிய கயிறு சட்டென்று நின்றது. பிறகு என் கைக்குள் இழுபட்டது...

டக்.

டக்... டக்.

மாதாவே! இரண்டு கையாலும் இழுத்தேன். உள்ளங்கை கிழிந்தது. ஓர் ஆளின் கனம்.

மேலே வந்தது வலை மட்டும்.

குழந்தைவேல் என் கையையே பார்த்தான். "அன்னிக்கும் மூணு தபாதானா?"

வலையிலிருந்த நீரைச் சீசாவில் ஊற்றி மூடினேன்.

தை மாதம் துரையின் கடிதம் வந்தது.

"மரியதாஸ், கார்த்திகைச் சீசாவில் ஒரு கார்த்திகைப் பூச்சிகூட இல்லை. அத்தனையும் சித்திரைக் கடலுடையவை. முந்தின வருடச் சித்திரைச் சீசாவோடு ஒப்பிட்டுவிட்டேன். காலி என்று நீ எழுதிய சித்திரைச் சீசாவை இத்தனை மாதம் ஏன் மறைத்தாய்?"

சித்திரைச் சீசா காலியாக என் மேசைமேல்தான் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு, அவன் கேட்டதற்குப் பதில் சொல்லக் குழந்தைவேல் வீட்டுக்கு நடந்தேன்.