ஒரு செம்பு தேங்காயெண்ணெய்

தங்கையைப் பெண் பார்க்க வலையபட்டியிலிருந்து வருகிறார்கள் என்றதும், கூடத்துத் தரையைத் துடைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். தவிடு போட்டுத் தேய்த்து, துணியில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பதுதான் வழக்கம். மினுமினுப்புக்கு ஆசைப்பட்டு ஒரு செம்பு எண்ணெயை ஊற்றிவிட்டேன். அதுவும் வாசலில் தொடங்கி உள்பக்கமாகத் துடைத்ததில், கடைசியில் சுவரோரம் மாட்டிக்கொண்டேன். எழுந்தால் வழுக்கியது.

"அங்குட்டு என்ன தவமா பண்றீக? அவுக வந்துட்டாக!" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

மாப்பிள்ளையின் தகப்பனார் வாசற்படியைத் தாண்டிக் கால் வைத்தார். "வராதீக" என்று கத்துவதா, "வாங்க" என்று கும்பிடுவதா? கும்பிட்டேன். அவர் சறுக்கிக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொண்ணு எங்க?" என்றார், தரையைத் தடவியபடி.

"வரச் சொல்றேன். ஆனா அவளும் இப்படித்தான் வந்து சேருவா."