அபின் காப்பியும் அடுத்தவன் காவடியும்

பினாங்குத் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கிய காலத்தில் எனக்கு இடுப்பு வலி. வலியைவிட நான் போட்ட கூப்பாடுதான் பெரிது. பொறுக்க முடியாமல், கூட வேலை செய்த சீனர் ஒருவர் என் காப்பியில் மிளகளவு அபினைக் கரைத்துக் கொடுத்தார். வலி போய்விட்டது. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். நானாவது, சும்மா இருப்பதாவது. முதுகில் மூட்டையோடு, எங்களை வேலை வாங்கும் மண்டோர் தொந்தியைத் தள்ளிக்கொண்டு அதிகாரம் செய்கிற நடையை நடந்து காட்டினேன். படகுத்துறை முழுக்கச் சிரிப்பு.

மறுநாள் நாலு பேர் அந்தக் காப்பியைக் கேட்டார்கள். ஒரு மாதத்துக்குள் எங்கள் கூட்டம் முழுவதும் அதைக் குடித்த பிறகுதான் மூட்டையில் கை வைத்தது. சீனிக் கிடங்கு ஆட்களும் வந்து விசாரித்துப் போனார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. குடித்தவன் சிரித்தான், பார்த்தவன் கேட்டான்.

நான் மட்டும் விட்டுவிட்டேன். வைராக்கியம் என்று எண்ணிவிடாதீர்கள், மலச்சிக்கல். ஐந்து நாள் கக்கூசில் குந்தியும் பலன் காணாதவன் எந்தச் சுகத்தையும் துறந்துவிடுவான்.

என் சோடியால் விட முடியவில்லை. சோடி என்றால் மூட்டையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிவிடுபவன்; என்னைவிட இளையவன். காய்ச்சலில் கிடந்த மகள் பிழைத்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தான். பிள்ளை பிழைத்துவிட்டாள். விரதத்தில் அபின் ஆகாதே. துணைக்கு நானும் விரதம் இருந்தேன். மூன்றாம் நாள் அவனுக்குக் கை உதறியது, மூக்கு ஒழுகியது. அதற்கும் ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்தேன். பதினோராம் நாள் காப்பிக்கடையின் பின்பக்கம் கோப்பையோடு நின்றான். பார்க்காதவன் போல வந்துவிட்டேன்.

பூசத்தன்று காலையில் காவடி கட்டித் தயாராக இருந்தது, ஆளைக் காணோம். வீட்டுக்குப் போனேன். குளிக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திரு தம்பி, நேரமாச்சு."

"நான் அதத் தொட மாட்டேண்ணே. விரதம் கெட்டுப்போச்சு. நீங்க சுத்தமாத்தான இருக்கீங்க, நீங்க எடுங்க."

"உன் வேண்டுதலப்பா."

"நீங்க பழக்கின காப்பிதானண்ணே."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதிலுக்குச் சொல்லித் தப்பியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னான்.

காவடியை நான் எடுத்தேன். அவன் மகள் பால்செம்போடு முன்னால் நடந்தாள். வழியோரத்தில் துறைமுகத்து ஆட்கள் நின்றார்கள். பாதிப்பேர் காலையிலேயே குடித்திருந்தார்கள். நான் அழுதுகொண்டு போனேன். என் முகத்தைப் பார்த்து, வழக்கமான கூத்து என்று அவர்கள் சிரித்தார்கள்.