தணிகாசலத்தின் விரல்கள்

என் தாய்மாமா ஒரு வார இதழில் சிரிப்புப் படக்கதை வரைந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அதை ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டவர் அப்பா மட்டும்தான். ஐடிஐ முடித்த பையன், கும்மிடிப்பூண்டியில் இத்தனை கம்பெனி இருக்கும்போது பொன்னேரியில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பொம்மை போடுகிறானே என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் தன் தம்பியைப் பற்றிப் புலம்புவாள். ஆனால் இதழ் வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரிப்பவளும் அவள்தான்.

மாமாவின் நாயகன் பெயர் ஷிப்டு தணிகாசலம். ஆலைத் தொழிலாளி. மின்சார ரயிலைத் தவறவிடுவான், இல்லாவிட்டால் வேறு யாருடைய சாப்பாட்டுப் பையையோ தூக்கிக்கொண்டு போவான். அவனுடைய மீசையும் தொப்பையும் அப்பாவுடையவை என்று தெருவுக்கே தெரியும். அப்பா ஒரு கம்பி ஆலையில் இருந்தார். கம்பெனி பஸ்ஸில் அந்தப் பக்கத்தைக் காட்டி, இது நான்தான் என்று பெருமையடித்துக்கொள்வாராம். தன்னைக் கோமாளியாக்கியதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் அப்புறம் பார்த்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஆலையில் கம்பிக் கட்டு சரிந்து அப்பாவின் இடது கை சுண்டுவிரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் அந்தக் கையை ஒரு துண்டுக்குள் வைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் துண்டு போகவில்லை. சாப்பிடும்போது துண்டு, டிவி பார்க்கும்போது துண்டு. பேச்சும் குறைந்துபோயிற்று. எனக்கு அந்த அப்பாவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா புது இதழோடு வந்தார். தணிகாசலம் புறப்பட்டுவிட்ட ரயிலை நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு ஓடினான். அந்தக் கை கட்டத்தில் பாதியை அடைத்திருந்தது. சிரிக்க ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டு, படத்தின்மேல் விரல் வைத்து எண்ணினாள். நான்கு விரல்தான் இருந்தது.

"இன்னாடா இது? அவரு கை இப்டி இருக்க சொல்ல, இத்த வெச்சி ஊரச் சிரிக்க வெக்கிறியா?"

மாமாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் வெலவெலத்துப் போனார். இந்தப் பக்கம் விபத்துக்கு முன்பே அனுப்பியது, வேடிக்கைப் படம் போடுகிறவர்களில் பாதிப்பேர் நான்கு விரல்தான் போடுவார்கள், சின்னக் கட்டத்துக்குள் ஐந்து போட்டால் கை வாழைச்சீப்பு மாதிரி ஆகிவிடும் என்றெல்லாம் சொன்னார். மாட்டிக்கொண்டவன் சொல்லும் சாக்கு மாதிரிதான் எனக்கும் கேட்டது. விரலைக் குறைத்துப் போடுவது ஒரு தொழில் வழக்கம் என்றால் யார் நம்புவார்கள்?

அப்பா சேர்த்துவைத்திருந்த பழைய இதழ்களை மாமா அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் பரப்பினார். நான் குப்புறப் படுத்து எண்ணினேன். தணிகாசலத்துக்கு நான்கு. அவன் மனைவிக்கு நான்கு. டிக்கெட் பரிசோதகருக்கும் டீக்கடைக்காரருக்கும், டீக்கடைக் காலண்டரில் இருந்த முருகனுக்கும்கூட நான்குதான். இத்தனை வருடம் பார்த்துச் சிரித்த எங்களில் ஒருவர்கூட இதைக் கவனித்ததில்லை.

மாமா தப்பித்தார் என்று நினைத்தேன். அம்மாவின் முகம் இன்னும் கறுத்தது.

"அப்ப நீதான் மொதல்லியே போட்டு வெச்சிருக்க. அவர மாரியே மீச, அவர மாரியே தொப்ப, வெரலு மட்டும் கம்மி. அதான் பலிச்சிடுச்சி. இனிமே இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காத."

எனக்குத் தலை சுற்றியது. விபத்துக்குப் பின்னால் வரைந்தார் என்று குற்றவாளியான மாமா, முன்னாலேயே வரைந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அதைவிடப் பெரிய குற்றவாளி ஆகிவிட்டார். எந்தப் பக்கம் போனாலும் அவர் மேல்தான் விழுந்தது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகையாக வந்தது. அவர் வராத ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு மாதிரியே இருக்காது.

ஆனாலும் ஸ்டேஷன் கடையில் இதழ் வாங்குவதை அம்மா நிறுத்தவில்லை. ஜோக்கைப் படிக்கமாட்டாள். கைகளை மட்டும் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்து மூடிவைப்பாள். மாமா ஏற்கெனவே அனுப்பிய பக்கங்கள் தீரும்வரை நான்குதான் வந்தது. பிறகு ஒரு வாரம், படக்கதையில் இருந்த எல்லோருக்கும் ஐந்து. மாமா சொன்னது நிஜம்தான், பார்க்கச் சகிக்கவில்லை. தணிகாசலம் டீ கிளாஸைக்கூடப் பிடிக்கத் தெரியாதவன் போல நின்றான். அம்மா அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தம்பிக்குப் போன் செய்து, மீன்குழம்பு வைத்திருப்பதாக மட்டும் சொன்னாள்.

மாமா வந்து கதவோரமாக உட்கார்ந்தார். விபத்துக்குப் பிறகு அப்பா அன்றுதான் முதல்முறையாக அந்த இதழைக் கேட்டு வாங்கினார். துண்டு மடியில் விழ, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"இத்தினி நாளா எனக்கும் இவனுக்கும் ஒரே மாரி கை மச்சான். இப்ப இவனுக்கும் அஞ்சு வந்துடுச்சி. நான் ஒண்டியா பூட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா மறுபடி ஜோக் அடிக்கிறார் என்று அவ்வளவு சந்தோஷம். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். பழையபடியே போட்டுவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மாமா இதழை வாங்கி மடித்துவைத்தார்.

சொன்னபடி நான்கு விரல் திரும்பி வந்தது, மாமாவும் ஞாயிறுதோறும் வந்தார். வந்ததும் அப்பாவின் ஜோக்கை எந்த வாரம் போடப்போகிறீர்கள் என்று நச்சரிப்பேன். அதைப் போடமாட்டேன் என்பார். வாராவாரம் ஜோக் கிடைக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற மனிதர், காலடியில் வந்து விழுந்த அத்தனை நல்ல ஜோக்கை ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.