மூக்கு திரும்பிய கான்பெர்ரா

என் அலமாரியில் ஒரு புத்தகம் இருக்கிறது. மூடி வைத்துப் பார்த்தால், அதில் ஒரே ஒரு தாள் மட்டும் மற்ற தாள்களைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எடுத்துப் பார்க்கிறவர்கள் பைண்டிங் சரியில்லை என்பார்கள். அந்தப் புத்தகத்திலேயே உருப்படியான தாள் அதுதான் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? நானும் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் அச்சுக்குப் போகும் பக்கங்களை ஒட்டித் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் உத்தியோகம். குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன். அந்த அச்சகத்துக்குத்தான் ஸ்குவாட்ரன் லீடர் சார் தன் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விமானப் படையில் குண்டுவீச்சு விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர், திருமுல்லைவாயிலில் வீடு. நம் போர் விமானங்களின் கதையைத் தமிழில் எழுதியிருந்தார். உயரமான மனிதர், முன்கோபி. வேறு யாராவது எழுதிய புத்தகத்தில் ஒரு விமானத்துக்கு இன்னொன்றின் பெயரைப் போட்டிருந்தால், கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன தாய்மாமனைப் போலக் கொதிப்பார். "பார்க்காம எழுதறவன்" என்பதுதான் அவர் வாயில் வரும் ஆகப்பெரிய வசவு.

புத்தகத்தில் படங்கள் நிறைய இருந்தாலும் அவருக்கு ஒரு படம்தான் உயிர். முன்னாலிருந்து சற்றுப் பக்கவாட்டில், வால் வரை தெரிகிற மாதிரி எடுத்த ஒரு கான்பெர்ரா விமானம். அந்த வகைக் கான்பெர்ராவில் விமானியின் கண்ணாடிக் கூண்டு நடுவில் இருக்காது. இடது ஓரமாக ஒதுங்கியிருக்கும். வழி சொல்லும் நேவிகேட்டருக்கு அந்தக் கூண்டும் கிடையாது, முன்னால் மூக்குக்குள் அடைந்துகொள்ள வேண்டும். சாரின் நேவிகேட்டர் பூந்தமல்லி பக்கத்து நூம்பல்காரர். கூலி வேலைக்குப் போன குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர். போர்க்காலத்தில் ஒரு நாள் சார் காய்ச்சலில் படுத்துவிட, வேறொரு விமானியோடு அவர் போனார். விமானம் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதே விமானத்தின் படத்தைத் தேடிப் பிடித்து, அடியில் அவர் பெயரையும் விமான எண்ணையும் போடச் சொல்லியிருந்தார் சார். நூம்பலில் இருந்த அவருடைய தங்கைக்குத்தான் முதல் பிரதி. அண்ணன் போன விமானத்தை அந்த அம்மாள் பார்த்ததே இல்லை.

பிழைதிருத்தப் படிகளில் படம் வருகிற இடத்தில் நாங்கள் வெறும் கட்டம்தான் போட்டிருப்போம். அதனால் பைண்டிங் முடிந்து முதல் கட்டு வந்த பிறகுதான் சார் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, "யாருய்யா இதைப் பண்ணினது?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

எங்கள் போர்மேன் அண்ணாத்தே பாராட்டு வரப்போகிறது என்ற நினைப்பில் முன்னால் வந்தார். அச்சுத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. படத்தில் இருப்பது ஆளோ, மாடோ, மோட்டார் வண்டியோ, அதன் முகம் புத்தகத்துக்கு உள்பக்கமாகப் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் வாசகனின் கண்ணும் வெளியே ஓடிவிடுமாம்.

"பிளேனு மூக்கு வெளிய பார்த்துகினு இருந்திச்சு சார். நெகட்டிவ திருப்பிப் போட்டேன், உள்ள வந்துடிச்சு. வால்ல நம்பரு கண்ணாடில பார்த்தாப்புல ஆயிடிச்சா, அத்தயும் பிரஷ்ஷால அயகா எய்திட்டேன்."

"கூண்டு வலது பக்கம் போயிடுச்சேய்யா!" என்றார் சார். "இப்படி ஒரு விமானம் உலகத்துல எங்கேயும் கிடையாது. இல்லாத விமானத்துல அவன் எப்படிய்யா போயிருப்பான்?"

அண்ணாத்தேயின் முகம் விழுந்துவிட்டது. முதலாளி சமாதானத்துக்கு வந்தார். ஒரு பிழைதிருத்தச் சீட்டு அச்சடித்து உள்ளே வைத்துவிடலாம், படிக்கிறவர்களுக்கு இடமும் வலமும் எங்கே தெரியப்போகிறது என்றார். சார் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "சீட்டு மொத நாளே கீழ விழுந்துடும். படம்தான் நிக்கும். இதைப் பார்த்து இன்னொருத்தன் போடுவான், அவனைப் பார்த்து வேறொருத்தன். கடைசியில அந்தப் படம் நெசமாயிடும், நானும் அவனும் பொய்யாயிடுவோம்."

வெளியீட்டு விழா அந்த ஞாயிற்றுக்கிழமை. விழாவைத் தள்ளிப்போடவும் சார் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு பிரதியிலும் அந்தத் தாளை அறுத்தெடுத்துவிட்டு, சரியான படத்தோடு புதுத் தாளை, அறுத்த தாளில் மிஞ்சிய அடிக்கட்டையில் ஒட்டுவது என்று முடிவாயிற்று. சார் தன் வீட்டு ஷேவிங் பிளேடுகளோடு வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார், கூடவே அவர் மனைவியும். இரண்டு நாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசாமலிருந்த அண்ணாத்தே, நான் ஒட்டுகிற லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் பசைக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நவுரு தங்கச்சி. நீ ஒட்னா பக்கம் அலையும். நான் பண்ண வேல, நான்தான் நிமித்தணும்." அதற்கு முன் நான் ஒட்டிய பிரதிகளில் ஒன்றுதான் என் அலமாரியில் இருப்பது. ஞாயிறு காலைக்குள் கட்டுகள் எல்லாம் தயார்.

விழாவில் நூம்பல் அம்மாள் பிரிக்கும்போதே அந்தப் பக்கம் தானாக விரிந்தது. ஒட்டுத் தாளுக்கு அந்தக் குணம் உண்டு. படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "எங்கண்ணன் எங்க சார் குந்திகினு இருந்தாரு?" என்று கேட்டார். சார் படத்தில் விமானத்தின் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "கண்ணாடி ஓரமா கீதே, அது உங்க எடமா? அண்ணன் சொல்லிகீறாரு, ஓட்றவரு ஓரமா இருப்பாரு, நான் அவருக்கு முன்னால இருப்பேன்னு." சார் தலையை ஆட்டினார். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் முதல் கட்டிலிருந்து சில பிரதிகள் அதற்கு முன்பே வெளியே போயிருந்தன. சார் விடுவாரா? ரெக்சின் பையில் புதுத் தாள், பிளேடு, பசை டப்பா. பூந்தமல்லியில் ஒரு நூலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, வாசிப்பு மேசையிலேயே புத்தகத்துக்கு ஆபரேஷன் செய்துவிட்டு வந்தார். ஆவடியில் ஒரு கடையில் விற்ற பிரதி மட்டும் யார் கைக்குப் போனது என்று தெரியவில்லை. கடைசி வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்த ஒண்ணு கிடைச்சுதாம்மா?" என்பார். கிடைக்கவில்லை. சார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது, அண்ணாத்தேயும் இல்லை.

போன மாதம் ஒரு கடையில் விமானப் போர்கள் பற்றிய பளபளப்பான புதுப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். ஒரு முழுப் பக்கத்துக்குக் கான்பெர்ரா. கூண்டு வலது பக்கம். வாலில் இருந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிலிருந்த ஏழின் நடுவே ஒரு சின்னக் குறுக்குக்கோடு. பிரஷ்ஷால் எண் எழுதும்போது அண்ணாத்தே அப்படித்தான் கோடு போடுவார். தொலைந்த பிரதி கிடைத்துவிட்டது சார், நீங்கள் சொன்னபடியே கிடைத்திருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பதிப்பாளருக்கு எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது முறை போனில் பேசிய இளைஞர், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் மேடம், இவ்வளவு சின்ன விஷயத்தை யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார். எங்கள் அச்சக முதலாளி அன்று சொன்ன அதே சமாதானம். எனக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும்.

அந்தப் புத்தகம் எங்கள் வட்டார நூலகத்துக்கும் வந்திருக்கிறது. நூலகரிடம் பழைய புத்தகத்தைக் காட்டி விளக்கிச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தாளை நகலெடுத்து, புதுப் புத்தகத்தின் அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன். பிளேடும் பசையும் பையில் இருக்கின்றன. என் கை அண்ணாத்தேயின் கை அல்ல, தாள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். நிற்கட்டும்.