பதில் சொன்னது யார்

இடி இடித்தால் யாழ்ப்பாணத்தில் முதலில் கழற்றப்படுவது இணைய வயர்தான். தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ் எல்லாம் அதற்குப் பிறகு. கோப்பாயில் என் வீட்டிலும் அப்படித்தான். வானம் உறுமத் தொடங்கியதும் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்ச வேலையைக் கைபேசியில் பார்ப்பேன்.

என் வேலை எழுதுவது. ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு, அவர்களுடைய கருவிகளை எப்படிப் பாவிப்பது என்று விளக்கம் எழுதிக் கொடுக்கிறேன். முன்பு அதை மனிதர்கள் படித்தார்கள். பெரும்பாலும் படிக்காமலே விட்டார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு ஏஜென்டுகள் படிக்கின்றன. ஒரு வரி விடாமல் படிக்கும், படித்ததை அப்படியே செய்யும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பிறவிச் சந்தேகக்காரி. கடைக்காரர் நல்ல தேங்காய் என்று ஒன்றை நீட்டினால், வேறொன்றை எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் செய்கிற ஒன்றை எப்படி நம்புவது?

அப்படி என் கைக்கு வந்ததுதான் இணைப்பைச் சோதிக்கும் கருவி. தூரத்தில் இருக்கும் ஒரு அளவுப் பெட்டியை இணையம் வழியாக ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் ஏஜென்ட் உரியவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டும். பழைய விளக்கத்தை எழுதியவர் கனடாவுக்குப் போய்விட்டார். ‘பதில் வந்தால் இணைப்பு நலம்’ என்று ஒரே வரியில் காரியத்தை முடித்திருந்தார். ஏஜென்டுகள் அந்த ஒரு வரியை வைத்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தன. அதைத் திருத்தி விரிவாக எழுதச் சொல்லி எனக்குத் தந்தார்கள்.

அந்தக் கருவி பார்த்துக்கொண்டிருந்த இடங்களில் ஒன்று, குருநகர்க் கரையில் ஒரு அண்ணையின் குளிர் அறை. கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, கரைச் சனத்தின் நண்டையும் இறாலையும் வாங்கி வைத்துக் கொழும்பு லொறிக்கு ஏற்றுகிறவர் அவர். அறையின் குளிரை அளந்து அனுப்புவதற்கு எங்கள் பெட்டி ஒன்றை அங்கே வைத்திருந்தோம். ஒருதரம் நண்டு பழுதானால் போதும், அதற்குப் பிறகு கரையில் ஒருவரும் அவரை நம்பித் தர மாட்டார்கள். பெட்டியைப் பொருத்திய அன்றே என்னைக் கேட்டார்.

“தங்கச்சி, உது பொய் சொல்லி என்னைப் பேய்க்காட்டாதோ?”

“எனக்கும் தெரியாது அண்ணை,” என்றேன். பக்கத்தில் நின்ற எங்கள் மனேச்சர், என்னைவிட இளையவன், என்னை முறைத்துப் பார்த்தான்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் நல்ல இடி. என் ரவுட்டரைக் கழற்றிவிட்டு, கைபேசியில் ஏஜென்டின் அறிக்கையைப் பார்த்தேன். ‘குருநகர்: இணைப்பு நலம். குளிர் சரி.’ அடுத்த வரிக்குப் போனவள் திரும்பி வந்தேன். என்ன நலம்? இந்த இடிக்குள் யாழ்ப்பாணத்தில் எவர் வயரைப் போட்டபடி வைத்திருப்பார்? அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“இடியுக்கை ஃபோன் கதைக்கப்படாது, கெதியாச் சொல்லுங்கோ.”

“அண்ணை, இணைய வயரைக் கழட்டிப்போட்டியளோ?”

“ஓம், பின்னை? உங்கடை பெட்டியையும் சேத்துக் கழட்டிப்போட்டு வீட்டை வந்திட்டன். அறையின்ரை மெயினிலை கை வைக்கேல்லை.”

“அதுக்குப் பிறகு அறையைப் பாத்தனீங்களோ?”

“நீங்கள்தானே பாக்கிறியள்?”

பெட்டி கழன்று கிடக்கிறது, ஏஜென்ட் நலம் என்கிறது. உடனே அறைக்கு ஓடிப் போகச் சொன்னேன். மழைக்குள் அவர் ஓடுவதும் கதவு திறப்பதும் கேட்டது.

“குளிர் நிண்டுபோச்சு,” என்றார். “ட்ரிப் சுவிச் விழுந்து கிடக்குது. அறை முழுக்கச் சனத்தின்ரை நண்டு, தங்கச்சி.”

கரைச் சனம் ஐஸைச் சுமந்துகொண்டு ஓடி வந்ததால் முக்கால்வாசி தப்பிக் கொழும்பு லொறியில் ஏறியது. மிச்சத்தை அவரே கொண்டுபோய்க் கொட்டினார். மறுநாள் நான் போனபோது அறை வெறுமையாக இருந்தது. “உங்கடை மிசின் உண்மை சொல்லுது எண்டு எனக்குத் தெரியுமட்டும் மற்றவையின்ரை நண்டிலை கை வைக்க மாட்டன்,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து தோண்டினேன். குருநகர்ப் பெட்டி பேசாமல் இருந்தால், கொழும்பில் நடுவே இருக்கும் சேர்வர் அதற்காகப் பதில் சொல்லிவிடுகிறது. வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டால் அடுத்த வீட்டுக்காரர் ஓம் என்கிற கதை. கூடவே, கடைசியாக வந்த குளிர் அளவையும் எடுத்து நீட்டுகிறது. பதில் எங்கிருந்து வந்தது என்று கருவி ஒரு மூலையில் காட்டத்தான் செய்கிறது. அதைப் பார் என்று ஏஜென்டுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தோடே எழுதினேன்:

‘பதில் வந்ததை வைத்து நம்பாதே. பதில் சொன்னது யார் என்று பார். கேட்ட பெட்டியே சொல்லாவிட்டால் இணைப்பு இல்லை என்று எடுத்துக்கொள். அளவு எப்போது எடுத்தது என்றும் பார். உரியவருக்குத் தொலைபேசி எடு.’

மனேச்சர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தடவினான்.

“அக்கா, உப்பிடி ஒண்டையும் நம்பாதை எண்டு எழுதினா, அது நாள் முழுக்க ஆக்களைக் கூப்பிட்டுக்கொண்டு நிக்கும். வாடிக்கையாளர் ஓடிடுவினம்.”

“நண்டு நாறினா ஓட மாட்டினமோ, தம்பி?”

அவன் அதில் கை வைக்கவில்லை, வரிகள் அப்படியே நின்றன.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுதியதைப் படித்திருக்கும், சரி, செய்யுமா? இடி வந்து அண்ணை வயரைக் கழற்றட்டும், பார்ப்போம் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கென்றே இடி வராமல் போனது. இப்படி இருக்கையில், நல்ல வெயில் எறித்த ஒரு காலை அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“உங்கடை மிசின் இப்ப எனக்குக் கோல் எடுத்தது. பெட்டி பதில் சொல்லேல்லையாம், அறையைப் போய்ப் பாக்கட்டாம்.”

“ஐயோ, திரும்ப நிண்டிட்டுதோ?”

“ஒண்டும் நிக்கேல்லை. நான் அறைக்குள்ளைதான் நிக்கிறன். வயரை நான்தான் கழட்டினனான்.”

“இடியும் இல்லை, மழையும் இல்லை. ஏன் கழட்டினனீங்கள்?”

“சொல்லுதோ எண்டு பாக்கத்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னையும் மிஞ்சிய ஒரு சந்தேகக்காரர்.

“இனியும் கழட்டுவன்,” என்றார். “உங்களுக்குச் சொல்ல மாட்டன்.”

“கழட்டுங்கோ அண்ணை.”

அவர் தொலைபேசியை வைக்க மறந்துவிட்டார். கரையில் யாரோ தூரத்திலிருந்து அவரிடம் என்னவோ கேட்பது காதில் விழுந்தது. “ஓம், ஓம்,” என்று அவர் உரத்த குரலில் பதில் சொன்னார். “உங்கடை நண்டையும் கொண்டந்து உள்ளை வையுங்கோ.”