மூன்று மாவட்டத்து வண்டுகளுக்கு விருந்து வைத்த கதை

தென்னங்குருத்தைக் குடையும் வண்டுகளை வாசம் காட்டி இழுத்து வாளிக்குள் விழவைக்கும் பொறி ஒன்றை, பேரரசன் கொடி நாட்டுவதுபோல என் தோப்பின் நட்டநடு மரத்தில் கட்டியிருந்தேன்.

வாசம் காவிரியைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்று மாவட்டத்து வண்டுகளும் குடும்பத்தோடு வந்துவிட்டன. பாதி வாளியில் விழுந்தன. மீதி என் மரங்களில் குடியேறின.

இன்று காலை பக்கத்துத் தோப்பு ராசு வந்தான்.

"மாமா, எங்க மரத்துல இப்ப வண்டே இல்லீங்க."

"பொறிய மரத்துல கட்டக்கூடாதாம் சாமி. தோப்புக்கு வெளியில வெக்கோணுமாம். இன்னிக்குக் கழட்டிப்போடறேன்."

"அதெதுக்குங்க மாமா, நல்லாத்தான இருக்குது," என்றவன் பொறிக்குள் வைக்கும் புது வாசனைப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தான். "தீந்துபோனாச் சொல்லுங்க, நானே வாங்கியாறேன்."

உங்கள் பக்கத்துத் தோப்புக்காரரும் இத்தனை பாசக்காரரா? பொறாமைப்படாமல் சொல்லுங்கள்.